பாக்ஸ் ரூம்ல ஒரு வெக்ஸ்ஃபோர்ட் ஸ்டேஷன்: ஐரிஷ் மாடல் ரயில்வே கட்டின அனுபவம்

ஐரிஷ் மாடல் ரயில்வே ஆரம்பிக்கணும்னு யாராவது என்கிட்ட கேட்டா முதல் கேள்வி எப்பவும் "எந்த இன்ஜின் வாங்கலாம்?"ங்கறதுதான். நான் திருப்பிக் கேக்கறது எந்த ஊரு, எந்த வருஷம், எந்த மாசம்னு. மாசம்னதும் சிரிப்பாங்க. ஆனா இந்த ஹாபில கொஞ்ச காலம் இருந்தவங்களுக்குத் தெரியும், கடைல வாங்கற இன்ஜின் எல்லார்கிட்டயும் ஒண்ணுதான், அதே ஆரஞ்சு கலர், அதே நம்பர் கூட இருக்கலாம், அதைச் சுத்தி நீங்க என்ன வைக்கறீங்கங்கறதுலதான் அது அயர்லாந்தா இல்ல இங்கிலாந்து லேஅவுட்ல வழி தப்பி வந்த வண்டியான்னு முடிவாகுது. நிறைய லேஅவுட் பாத்திருக்கேன், அருமையான ஐரிஷ் 071 டீசல் இன்ஜின் ஓடும், பின்னாடி இருக்கற ஸ்டேஷன், சிக்னல், காரு, போஸ்ட் பாக்ஸ் எல்லாம் இங்கிலாந்து. கண்ணுக்கு ஏதோ உறுத்தும், என்னன்னு சொல்லத் தெரியாது.

நான் எடுத்துக்கிட்டது 1990-ஐ ஒட்டின ஒரு நவம்பர் மாசம், சௌத் வெக்ஸ்ஃபோர்ட் லைன். வாட்டர்ஃபோர்ட்லேர்ந்து ராஸ்லேர் பக்கம் போற சிங்கிள் லைன், 1906-ல திறந்தது, கேம்பைல், பாலிகல்லன், வெலிங்டன்பிரிட்ஜ், பிரிட்ஜ்டவுன்னு சின்னச் சின்ன ஸ்டேஷன். எனக்கு வீடு வாட்டர்ஃபோர்ட்லதான்ங்கறது ஒரு காரணம், இன்னொரு காரணம் அந்த லைன்ல சர்க்கரை பீட் (சர்க்கரை எடுக்கற ஒரு கிழங்கு) ஏத்திக்கிட்டு ஓடின ரயில். வெலிங்டன்பிரிட்ஜ்ல விவசாயிங்க டிராக்டர் டிரெய்லர்ல பீட்டைக் கொண்டு வந்து கொட்டுவாங்க, அங்கேர்ந்து வேகன்ல ஏத்தி வாட்டர்ஃபோர்ட், க்ளான்மெல், லிமெரிக் ஜங்ஷன் சுத்திக்கிட்டு மேலோ சர்க்கரை ஆலைக்குப் போகும். இலையுதிர் காலம் ஆரம்பிச்சு ஜனவரி வரைக்கும் சீசன். ஐரோப்பிய யூனியன் சர்க்கரைக் கொள்கை மாறினதுல 2006-ல மேலோ ஆலை மூடினாங்க, பீட் ரயிலும் அதோட போச்சு, 2010 செப்டம்பர்ல பாசஞ்சர் ரயிலும் நின்னுடுச்சு. இப்ப அந்த ட்ராக் மேல புதர் மண்டிக் கிடக்கு. போய்ப் பாக்கறவங்க ரோட்டுலேர்ந்தோ பாலத்து மேலேர்ந்தோ பாருங்க, வண்டி ஓடலைன்னாலும் அது ரயில்வே இடம், உள்ள இறங்கக் கூடாது.

மாடலுக்கு இந்த மாதிரி ஸ்டேஷன் ஏன் நல்லதுன்னா, இடம் சின்னது வேலை பெருசு. ஒரு லூப் (வண்டி ஒதுங்கி வழி விடற பக்கத்து லைன்), ஒரு லோடிங் சைடிங் (சரக்கு ஏத்தற கிளை லைன்), ஒரு பிளாட்ஃபார்ம், ஒரு சிக்னல் கேபின், அவ்ளோதான், ஆனா வேகனை எடுத்து வைக்கறது, காலி வண்டியை உள்ள தள்றது, பாசஞ்சர் வந்தா வழி விடறதுன்னு சாயங்காலம் பூரா ஷண்டிங் பண்ணலாம். டப்ளினோட பெரிய ஹூஸ்டன் ஸ்டேஷனை பாக்ஸ் ரூம்ல, அதாவது வீட்டுல மிச்சமிருக்கற சின்ன ரூம்ல, கட்டறேன்னு கிளம்பினவங்க யாரும் முடிச்சு நான் பாத்ததில்ல. இதே லைன்ல பேரோ ஆத்து மேல ஒரு பாலம் இருக்கு, 2,131 அடி, கப்பலுக்கு வழி விடத் திரும்பற ஸ்விங் ஸ்பேனோட, பாக்க அப்படி இருக்கும், எனக்கும் ஆசைதான், ஆனா நான் பண்ற ஓஓ ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 76-ல ஒரு பங்கு அளவுல (1:76), போட்டா எட்டரை மீட்டர் வருது. வீட்டுச் சுவரை உடைச்சு பக்கத்து வீட்டு கிச்சன் வழியா கொண்டு போகணும்.

ஓஓ ஸ்கேல்ல ஐரிஷ் ரயில் பண்றவங்க எல்லாரும் ஒரு இடத்துல முட்டிக்குவாங்க, அது கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கற அகலம். அயர்லாந்து பிராட் கேஜ் 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மி.மீ. நம்ம ஊரு பிராட் கேஜ் 5 அடி 6 அங்குலம், அதுக்கு மூணு அங்குலம் கம்மி. ஓஓ ஸ்கேல்ல அடிக்கு 4 மி.மீ. கணக்குல இது சரியா 21 மி.மீ. வரணும். கடைல கிடைக்கற ட்ராக் 16.5 மி.மீ. நாலரை மி.மீ. காணோம். பிரிட்டிஷ்காரங்களுக்கே ஓஓ கேஜ் குறுகல்தான், நமக்கு இன்னும் மோசம். 21 மி.மீ. சரியா வேணும்னு ட்ராக்கை ஸ்லீப்பர் ஸ்லீப்பரா சோல்டர் பண்ணிக் கையால கட்டி, ஒவ்வொரு வண்டிக்கும் வீல் மாத்தறவங்க இருக்காங்க, அவங்க வேலையைப் பாத்தா கும்பிடத் தோணும். ஆனா வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கற ஆளுக்கு அது ஆகாது. 16.5-லயே இருந்துக்கிட்டு கண்ணை ஏமாத்தறதுக்கு வழி இருக்கு, அதைச் சொல்றேன்.

முதல் வழி ஸ்லீப்பர். சாதாரண ஃபிளெக்ஸி ட்ராக்ல ஸ்லீப்பர் குட்டையா நெருக்கி நெருக்கி இருக்கும், ஏன்னா அது ஓஓ-வைவிடச் சின்ன ஹெச்ஓ ஸ்கேலுக்கு (1:87) போட்டது, அதனால ட்ராக் இன்னும் ஒடுக்கமாத் தெரியும். பெகோ கம்பெனி போடற புல்ஹெட் ட்ராக்ல ஓஓ அளவுக்கே சரியான ஸ்லீப்பர் இடைவெளி இருக்கு, விலை கொஞ்சம் கூட, ஆனா முன்பக்கம் கண்ணுல படற இடத்துக்கு மட்டுமாவது அதைப் போடுங்க. பழைய ட்ராக்கே கைல இருக்குன்னா அடில இருக்கற பிளாஸ்டிக் இணைப்பைக் கத்தியால வெட்டி ஸ்லீப்பரைத் தள்ளித் தள்ளி வைக்கலாம், பொறுமை வேணும், டிவி பாத்துக்கிட்டே பண்ணலாம். ரெண்டாவது வழி இதைவிட முக்கியம், லேஅவுட்டோட உயரம். டைனிங் டேபிள் உயரத்துல வச்சா மேலேர்ந்து பாப்பீங்க, மேலேர்ந்து பாத்தா கேஜ் அப்பட்டமாத் தெரியும். நான் தரைலேர்ந்து 1.3 மீட்டர்ல ஷெல்ஃப் மாதிரி வச்சிருக்கேன், உயரமான ஸ்டூல்ல உக்காந்தா பிளாட்ஃபார்ம்ல நிக்கற ஆள் பாக்கற மாதிரி பக்கவாட்டுல தெரியும், பக்கவாட்டுல பாக்கறப்போ கேஜ் என்னங்கறது யாருக்கும் தெரியாது. முன்பக்கம் ஒரு மண்மேடு, அது மேல வேலிச்செடி, நடுநடுவுல இடைவெளின்னு வச்சா வண்டி மறைஞ்சு மறைஞ்சு வரும், வீல் எங்க இருக்குன்னு யாரும் தேட மாட்டாங்க. தண்டவாளம் நேரா ஆளைப் பாத்து வர்ற மாதிரி மட்டும் வைக்காதீங்க, குட்டு வெளிப்பட்டுடும்.

பேஸ்போர்டு பத்தி அதிகம் சொல்றதுக்கில்ல. 9 மி.மீ. பிளைவுட், 1200-க்கு 600 சைஸ்ல ரெண்டு மூணு, போல்ட் போட்டு சேத்தா போதும். ஆனா இந்த ஊரு ஈரம் இருக்கே, அதை மறந்துடாதீங்க. தோட்டத்து ஷெட்ல கட்டினா குளிர்காலத்துல மரம் உப்பும், வெயில் வந்தா சுருங்கும், ட்ராக் பாம்பு மாதிரி நெளியும். அட்டிக்ல இன்னும் மோசம், இன்சுலேஷன் இல்லாத அட்டிக்ல வெப்பம் ஏறி இறங்கறது பயங்கரமா இருக்கும். வீட்டுக்குள்ள இருக்கற பாக்ஸ் ரூம் சின்னதா இருந்தாலும் அதுதான் நல்ல இடம், வருஷம் பூரா ஹீட்டிங் ஒரே மாதிரி. பிளைவுட் வாங்கின உடனே வெட்டாம அந்த ரூம்லயே கொஞ்ச நாள் சாய்ச்சு வச்சுட்டு, அப்புறம் வெட்டி, எல்லாப் பக்கமும், முக்கியமா வெட்டின ஓரத்துல, வார்னிஷ் அடிச்சிடுங்க. மேட்டு நிலத்துக்கு பில்டர் கடைல கிடைக்கற எக்ஸ்பிஎஸ் இன்சுலேஷன் ஷீட், லேசு, கத்தியாலயே செதுக்கலாம். ஹாட் வயர் வச்சு வெட்டினா ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க, புகை நல்லதில்ல.

வயரிங்கும் சுருக்கமா சொல்லிடறேன். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியா ஒரு வயர் கீழ இறக்குங்க, ஜாயினரை நம்பாதீங்க, ஜாயினர் தண்டவாளத்தைப் பிடிச்சு வைக்கறதுக்குத்தான், கரன்ட் கொடுக்கறதுக்கு இல்ல. கீழ ஓடற மெயின் வயர் தடியா, மேலேர்ந்து வர்றது மெல்லிசா. பாயின்ட், அதாவது தண்டவாளம் ரெண்டாப் பிரியற துண்டு, வாங்கறப்போ மீடியம் ரேடியஸ் 914 மி.மீ. எடுத்தா வண்டி போற அழகே வேற, இடமே இல்லைன்னா 610. ரயில் செட்டுக்குன்னு போடற செட்ட்ராக் பாயின்ட் சின்ன இன்ஜினுக்கு ஓடும், பாக்க பொம்மை மாதிரி இருக்கும்.

இன்ஜினுக்கு வர்றேன், எல்லாரும் காத்திருக்கறது இதுக்குத்தான். ஒரு காலத்துல ஐரிஷ் இன்ஜின்னா பிரிட்டிஷ் மாடலை எடுத்து ஆரஞ்சு பெயின்ட் அடிச்சதுதான், இப்ப மர்ஃபி மாடல்ஸ், ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் ரெண்டு பேரும் போடறது உலகத்தரம். என் லைனுக்கு எடுத்தது 141 கிளாஸ் ரெண்டு. அமெரிக்கால ஜெனரல் மோட்டார்ஸ் 1962-ல செஞ்சு அனுப்பினது, மொத்தம் 37. அதுக்கு முந்தின வருஷம் வந்த 121-க்கு ஒரு பக்கம் மட்டும்தான் கேபின், 141-க்கு ரெண்டு பக்கமும் இருக்கு. 950 குதிரை சக்திதான், அதனால கனமான சரக்கு வண்டிக்கு ரெண்டு இன்ஜினைச் சேத்து மாட்டுவாங்க. மாடல்காரனுக்கு இது லாட்டரி, ஏன்னா இன்ஜின் 18 செ.மீ. கூட இல்ல, சின்ன வளைவுல சுலபமாத் திரும்பும், ரெண்டு சேத்து ஓட்டறதும் நிஜத்துல நடந்ததுதான், காசைச் செலவழிச்சதுக்கு வீட்டுல சொல்றதுக்கு வரலாற்று ஆதாரமே இருக்கு.

டிசிசி சவுண்ட் பத்தி கேப்பாங்க, அதாவது தண்டவாளம் வழியா டிஜிட்டலா இன்ஜினை ஓட்டி, உள்ள இருக்கற ஸ்பீக்கர்ல சத்தம் வர வைக்கறது. ரெண்டு இன்ஜின் வச்சிருந்தா ஒண்ணுல மட்டும் சவுண்ட் போட்டாக் கூடப் போதும், ஆனா ஸ்பீக்கர்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, இன்ஜினுக்குள்ள இருக்கற டீகோடர் சிப் எவ்ளோ நல்லதா இருந்தாலும் டப்பா ஸ்பீக்கர்ல கொசு மாதிரிதான் கத்தும். ரயில்ல ஆர்வம் இருக்கற நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், டப்ளின் கார்க் ரூட்ல ஓடற 201 கிளாஸ் இருக்கே, அதுல இருக்கறது ஜிஎம் 710 சீரிஸ்ல 12 சிலிண்டர் இன்ஜின், எழும்பூர்லயும் சென்ட்ரல்லயும் நாம கேட்ட டபிள்யூடிபி-4 டீசல் வண்டில இருக்கறது அதே 710-ல 16 சிலிண்டர். ஹூஸ்டன் ஸ்டேஷன்ல முதல் தடவை கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டப்போ டீ, காபி குரல் ஒண்ணுதான் குறைஞ்சுது.

இப்ப வேகன். பீட் வேகன்தான் இந்த லேஅவுட்டோட உயிர். பழைய நெளிதகடு வச்ச திறந்த வேகன் இருக்கும், அதோட உடம்பு மேல இன்னொரு வேகன் உடம்பைத் தூக்கி வச்சு வெல்டு பண்ணி ரெண்டடுக்கா ஆக்கினது, நாலு வீல், பாக்க கோணல்மாணலா உயரமா இருக்கும். ரெசின் கிட்ல கொஞ்சம், பிளாஸ்டிகார்ட் ஷீட்ல நானா செஞ்சது கொஞ்சம். நிஜ ரயில்ல நீளமா இழுத்துக்கிட்டுப் போவாங்க, பாக்ஸ் ரூம்ல எட்டு ஒம்பது வேகனுக்கு மேல நிக்காது, பரவால்ல, ரெண்டு இன்ஜின் பின்னாடி எட்டு வேகன் வளைவுல வந்தாலே கண்ணு மீதியைச் சேத்துக்கும். கையால செஞ்ச வேகனுக்கு எடை முக்கியம், ஆக்சிலுக்கு 25 கிராம்னு கணக்கு வச்சுக்குங்க, நாலு வீல் வேகன்னா 50 கிராம். அதுக்குக் கீழ இருந்தா பின்னாடி தள்றப்போ பாயின்ட்ல ஏறித் தடம் புரண்டுடும். எடையைக் கீழ, சேஸிஸ்ல ஒட்டுங்க, ரெண்டடுக்கு வேகன் ஏற்கனவே தலைகனமா இருக்கு.

துரு வைக்கறதுக்கு ஹேர்ஸ்பிரே முறை மாதிரி எதுவும் இல்ல. முதல்ல வேகன் பூரா துருக் கலர், ஒரே பிரவுன் இல்ல, ஆரஞ்சு பிரவுன், கரும்பிரவுன்னு திட்டுத்திட்டா ஸ்பாஞ்சால ஒத்துங்க. காய்ஞ்சதும் மேட் வார்னிஷ். அது மேல கடைல கிடைக்கற மலிவான ஹேர்ஸ்பிரே ரெண்டு பூச்சு. அப்புறம் வேகனோட நிஜக் கலர், அக்ரிலிக்தான் அடிக்கணும், எனாமல் அடிச்சா இந்த வித்தை வேலை செய்யாது. அரை மணி நேரம் கழிச்சு, முடியைக் குட்டையா வெட்டின பழைய பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணில தொட்டு எங்க துரு வேணுமோ அங்க மெதுவாத் தட்டினா மேல் பெயின்ட் செதில் செதிலா வரும், அடில துரு எட்டிப் பாக்கும். மேல் விளிம்புல அதிகம், ஏன்னா லோடர் பக்கெட் இடிக்கறது அங்கதான். நடுவுல கம்மி. ரெண்டு உடம்பும் சேர்ற வெல்டிங் கோட்டுலேர்ந்து கீழ வழியற மாதிரி மெல்லிசா ஒரு துருக் கோடு. எல்லா வேகனுக்கும் ஒரே அளவு துரு வச்சா துணிக்கடை பொம்மை மாதிரி இருக்கும், ஒண்ணை ரொம்ப மோசமா, ஒண்ணை சுமாரா விடுங்க.

அடுத்தது பீட் லோடு, எல்லாரும் கிட்ட வந்து குனிஞ்சு பாக்கற விஷயம். சர்க்கரை பீட்ங்கறது நாம பொரியல் பண்ற செவப்பு பீட்ரூட் இல்ல, அழுக்கு வெள்ளைல, முள்ளங்கிக்கும் டர்னிப்புக்கும் நடுவுல இருக்கற ஒரு கிழங்கு. 15-லேர்ந்து 25 செ.மீ. இருக்கும்னு வச்சுக்கிட்டா 1:76-ல 2 மி.மீ.லேர்ந்து 3 மி.மீ. வரணும். இந்த சைஸ்ல கடைல யாரும் விக்கல. கிச்சன்ல அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன், இருந்துச்சு. கடுகு 2 மி.மீ. உருண்டை. வெந்தயம் 3 மி.மீ., ஒரு பக்கம் கூம்பின மாதிரி கோணலா, அச்சு அசல் பீட். வெந்தயம் மூணு பங்கு கடுகு ஒரு பங்கு கலந்தா குவியல்ல பெருசும் சிறுசுமா சரியா வருது. "ஏங்க, போன வாரம் வாங்கின வெந்தயம் எங்க?"ன்னு கிச்சன்லேர்ந்து குரல் வர்றதுக்கு நான் பொறுப்பில்ல.

ஆனா அப்படியே ஒட்டிடாதீங்க. பிவிஏ பசைல பாதி தண்ணி, வெந்தயத்துக்குத் தண்ணி பட்டா என்ன ஆகும்னு நமக்குச் சொல்லித் தர வேண்டாம், வேகன்ல முளை விட்டு நிக்கும், ஊறி வழவழன்னு வேற ஆயிடும். முதல்ல டிரேல பரப்பி அவன்ல 100 டிகிரில அரை மணி நேரம் வைங்க, முளைக்கற சக்தி பெரும்பாலும் போயிடும், பூச்சி முட்டை இருந்தாலும் செத்துடும். வீடு பூரா வெந்தய வாசனை வரும். ஆறினதும் ஒரு பாட்டில்ல போட்டு ஸ்பிரே வார்னிஷ் அடிச்சுக் குலுக்கிக் காய வைங்க, அதுதான் ஈரம் உள்ள போகாமத் தடுக்கும். அப்புறம் அழுக்கு கிரீம் கலர் பிரைமர். வேகனை அடிலேர்ந்து ரொப்ப வேண்டாம், ஃபோம் கட்டை ஒண்ணை வேகனுக்குள்ள கச்சிதமா வெட்டி, மேல் பக்கத்தை நடுவுல மேடாச் செதுக்கி மண் கலர் அடிச்சு, அது மேல ஒரே ஒரு அடுக்கு ஒட்டினா போதும். கட்டைக்குள்ள ஒரு சின்ன ஆணி வச்சா காந்தம் காட்டித் தூக்கி எடுத்துடலாம், லோடு வண்டியைக் காலி வண்டியா மாத்த ஒரு செகண்ட்.

எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்கார், அந்தக் காலத்துல டிராக்டர்ல பீட் கொண்டு போனவர். வந்து பாத்தார், ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார், பீட் இவ்ளோ சுத்தமா இருந்தா எங்களுக்கு ஆலைல முழுக்காசு கிடைச்சிருக்கும்னு. பீட்டோட ஒட்டிக்கிட்டு வர்ற மண்ணு, தழை எல்லாத்துக்கும் எடையைக் கழிச்சுத்தான் ஆலைல காசு போடுவாங்களாம், நவம்பர்ல மழை பேஞ்சா வயல்லேர்ந்து பாதி மண்ணோடதான் வருமாம். அவர் சொன்னதுக்கப்புறம் கரும்பிரவுன் பவுடரைத் தாராளமாத் தூவி, நடுநடுவுல பச்சைத் தழைத் துணுக்கு போட்டதும்தான் குவியலுக்கு உயிர் வந்துச்சு. இந்த மாதிரி ஆளுங்களைத் தேடிப் பிடிங்க, அவங்க சொல்றது எந்த ஃபோட்டோலயும் கிடைக்காது.

மண்ணுன்னதும் நவம்பர் விஷயத்துக்கு வந்துடறேன். அயர்லாந்துன்னாலே பச்சைன்னு எல்லாரும் கடைல இருக்கறதுலயே பளிச்சுன்னு இருக்கற பச்சைப் புல்லை வாங்கிக் கொட்டறாங்க, பாத்தா கிரிக்கெட் ஸ்டேடியம் மாதிரி ஆயிடுது. நவம்பர்ல மேய்ச்சல் நிலம் பச்சையாத்தான் இருக்கும், ஆனா ஈரமான, கொஞ்சம் சோர்ந்த பச்சை. ரயில் ஓரத்துல யாரும் மேய்க்கறதில்ல, அங்க புல்லு நீளமா வைக்கோல் கலர்ல படுத்துக் கிடக்கும், பிராக்கன் செடி செம்பிரவுன்ல காய்ஞ்சு கிடக்கும், முள்செடி இருக்கும். அதனால ஸ்டாட்டிக் கிராஸ், அதாவது நிலைமின்சாரத்துல நட்டுக்கா நிக்க வைக்கற செயற்கைப் புல்லு, போடறப்போ முதல்ல 2 மி.மீ. டல் பச்சை, அது காஞ்சதும் அங்கங்க பசை தெளிச்சு 4 மி.மீ. பச்சையும் பழுப்பும் கலந்தது, ட்ராக் வேலி ஓரத்துல மட்டும் 6 மி.மீ. வைக்கோல் கலர். மூணு அடுக்கு. ஒரே அடுக்குல நிறுத்தினா கார்ப்பெட்.

வயல் வரப்புக்கு வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் மண்மேடு கட்டி அது மேல ஹாதார்ன், ஃபர்ஸ்னு முள்புதரை வளர விட்டிருப்பாங்க. மே மாசம்னா ஹாதார்ன் வெள்ளையாப் பூத்துக் கொட்டும், நமக்கு நவம்பர், அதனால இலை கொட்டின குச்சி, அதுல செவப்புப் பழம் கொஞ்சம். ஃபர்ஸ்ல மஞ்சள் பூ அங்கொண்ணு இங்கொண்ணு, வசந்தகாலம் மாதிரி மஞ்சளா அப்பிடாதீங்க. மரம் எல்லாம் மொட்டை, ஆனா ஐவி கொடி ஏறின மரம் மட்டும் குளிர்காலத்துலயும் கரும்பச்சையா நிக்கும், அதை ரெண்டு மூணு வச்சாலே ஊரு தெரிஞ்சுடும். மேற்கே கால்வே, க்ளேர் பண்றவங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, அங்க கல்லை அடுக்கின சுவரு, இன்னும் உள்ள ஆஃபலி பக்கம் போனா எரிக்கறதுக்கு வெட்டின புல்கரி நிலமும், அதை அள்ளின அரசுக் கம்பெனி போர்ட் ந மோனாவோட மூணடி கேஜ் குட்டி ரயிலும். ஊரை முதல்ல முடிவு பண்ணுங்கன்னு நான் கத்தறது இதுக்குத்தான்.

லோடிங் இடத்துச் சேறு: தோட்டத்து மண்ணை நல்லாக் காய வச்சு மெல்லிய வடிகட்டில சலிச்சு, பிவிஏ, கொஞ்சம் பிரவுன் அக்ரிலிக் சேத்துக் குழைச்சுப் பூசுங்க. முக்கால்வாசி காய்ஞ்சதும் மாடல் டிராக்டரை எடுத்து அது மேல அழுத்தி ஓட்டினா டயர் தடம் பதியும். தடத்துக்குள்ள கிளாஸ் வார்னிஷ் ரெண்டு மூணு தடவை விட்டா மழைத்தண்ணி. அந்தச் சேறு அங்கயே நிக்காது, கேட் தாண்டி மெயின் ரோட்டுல கொஞ்ச தூரம் வரைக்கும் டயரோட போயிருக்கும், அதையும் பவுடர்ல காட்டுங்க. லைட்டு 5000 கெல்வின் எல்ஈடி, முன்னாடி ஒரு டிரேசிங் பேப்பர் மாதிரி டிஃப்யூசர், மேகமூட்டம் ரெடி. நிழல் கூர்மையா விழுந்தா அது நவம்பர் வெக்ஸ்ஃபோர்ட் இல்ல.

சின்னச் சின்ன விஷயத்துல ஊரு எப்படித் தெரியும்னு கேட்டா, எனக்கு முக்கியமாத் தோணறது இதெல்லாம். மெயின் ரோட்டு ஓரத்துல விட்டு விட்டு மஞ்சள் கோடு, இங்கிலாந்து மாதிரி வெள்ளை இல்ல. எச்சரிக்கை போர்டு மஞ்சள் டைமண்ட், செவப்பு முக்கோணம் இல்ல. போஸ்ட் பாக்ஸ் பச்சை. ஸ்டேஷன் பேர்ப்பலகைல ஐரிஷும் இங்கிலீஷும் ரெண்டும் இருக்கணும். வளைஞ்ச கூரை வச்ச தகர வைக்கோல் ஷெட், ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிச்சது, இது ஒண்ணைப் பின்னணில வச்சா அயர்லாந்து கிராமம்னு யாரும் சொல்ல வேண்டாம். சிக்னல் லோயர் குவாட்ரன்ட், அதாவது வண்டி போகலாம்னா கை கீழ இறங்கும், கடைல கிடைக்கற பிரிட்டிஷ் சிக்னல்ல நிறைய மேல ஏறற டைப், பாத்து வாங்குங்க. சிங்கிள் லைன்ல டிரைவருக்கு ஸ்டாஃப்னு ஒரு கோலை வளையத்துல மாட்டிக் குடுப்பாங்க, அது கைல இருந்தாதான் அந்த லைன்ல வண்டி போகலாம், சிக்னல்மேன் கைல அந்த வளையத்தை மெல்லிய ஃபியூஸ் வயர்ல செஞ்சு ஒட்டினா அரை மணி நேர வேலை.

கார் நம்பர் பிளேட்டை யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நினைக்கறோம், முதல்ல கவனிக்கறதே அதைத்தான். 1:76 கார் எல்லாம் பிரிட்டிஷ் பிளேட்டோட வரும், பின்னாடி மஞ்சள். அயர்லாந்துல 1987-லேர்ந்து வருஷம், கவுன்டி எழுத்து, நம்பர்னு வரிசை, முன்னாடி பின்னாடி ரெண்டும் வெள்ளை. டபிள்யூஎக்ஸ்னா வெக்ஸ்ஃபோர்ட். வேர்ட்ல டைப் பண்ணி ரொம்பச் சின்னதா ஆக்கி ஃபோட்டோ பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, ஓரத்தைக் கறுப்பு பேனாவால தொட்டு ஒட்டினா ஆச்சு. என் லேஅவுட் 1990, அதனால அதுக்கு மேல வருஷம் போட்ட பிளேட் எதுவும் இருக்கக் கூடாது, வலது பக்க ஸ்டியரிங்ங்கறதால கார் மாத்த வேண்டியதில்ல, பிளேட் மட்டும் மாத்தினா போதும்.

பாலாஸ்ட், அதாவது தண்டவாளத்துக்கு அடில கொட்டற ஜல்லி, போடறது எல்லாருக்கும் பிடிக்காத வேலை, எனக்கும்தான். காய்ஞ்ச பாலாஸ்ட்டைப் பிரஷ்ல பரப்பி ஸ்லீப்பர் மேல ஒரு பொடி கூட இல்லாம ஒதுக்கறதுலதான் நேரம் போகும், அதுல அவசரப்படாதீங்க. அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் லேசாத் தெளிச்சு, பிவிஏ பாதி தண்ணி பாதி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், டிராப்பர்ல விடுங்க. பாயின்ட் நகர்ற இடத்துல மட்டும் பசையைக் கிட்டவே கொண்டு போகாதீங்க. அதுக்கு முன்னாடியே தண்டவாளத்துப் பக்கவாட்டுல துருக் கலர் அடிச்சு வச்சிருக்கணும், பளபளன்னு இருக்கற தண்டவாளப் பக்கவாட்டு மாதிரி பொம்மைத்தனம் வேற எதுவும் இல்ல. பீட் சைடிங்ல பாலாஸ்ட் கண்ணுக்கே தெரியக் கூடாது, சேறும் புல்லும்தான்.

ஆராய்ச்சிக்கு எங்க போறதுன்னா, நேஷனல் லைப்ரரி ஆஃப் அயர்லாந்துல ஓடீ கலெக்ஷன்னு ரயில்வே ஃபோட்டோ ஏராளம் இருக்கு, ஆன்லைன்லயே பாக்கலாம், ஆனா 1990-க்கு ரொம்ப முந்தின காலத்து ஃபோட்டோ. கட்டடத்துக்கு தேசிய கட்டடக்கலை மரபு இன்வென்டரி, கவுன்டி வாரியா ஸ்டேஷன், குட்ஸ் ஷெட், கேட்கீப்பர் வீடு எல்லாம் ஃபோட்டோவோட இருக்கும், என்ன கல்லு, என்ன கூரைன்னு கூட எழுதியிருப்பாங்க, சுவருக்கு எந்த ஷீட் வாங்கறதுன்னு அதை வச்சே முடிவு பண்ணிடலாம். ஐரிஷ் ரயில்வே ரெக்கார்ட் சொசைட்டி 1946-லேர்ந்து இருக்கு, அவங்க ஜர்னல்ல எந்த வண்டி எங்க ஓடுச்சுங்கறது வரைக்கும் கிடைக்கும். டப்ளின் பக்கம் போனா மாலஹைட்ல கசினோ மாடல் ரயில்வே மியூசியம் பாருங்க, சிரில் ஃப்ரைன்னு ஒருத்தர் வாழ்நாள் பூரா கையால செஞ்ச ஐரிஷ் ரயில்கள். ஆளு ரயில்வேலயே டிராஃப்ட்ஸ்மேனா இருந்தவர், அந்தக் கணக்கு ஒவ்வொரு ரிவெட்லயும் தெரியும்.

வாங்கறதைப் பத்திக் கடைசியா. ஐரிஷ் மாடல் எல்லாம் சின்ன எண்ணிக்கைல போடறாங்க, பிடிச்ச நம்பர் வந்தா யோசிக்காம புக் பண்ணிடுங்க, அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல புது விலையைவிட மேல கேப்பாங்க. அதே சமயம் "கிடைக்குதே"ன்னு உங்க வருஷத்துக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லாததை வாங்காதீங்க, அந்தக் காசுல நல்ல ஸ்டாட்டிக் கிராஸ் மெஷின் ஒண்ணு வாங்கலாம், லேஅவுட் அதுல மாறற அளவுக்கு இன்னொரு இன்ஜின்ல மாறாது. பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் பிரிட்டன்லேர்ந்து வரவழைச்சா 23 சதவீதம் வாட் யார் கட்டறதுன்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க, சில கடைங்க விலைலயே சேத்துடுவாங்க, சில இடத்துல போஸ்ட்மேன் வர்றப்போ கையாள்ற கட்டணமும் சேத்துக் கேப்பாங்க. பெயின்ட், பசை, பிளாஸ்டிகார்ட் மாதிரி சின்னச் சாமானை எல்லாம் தனித்தனியா ஆர்டர் போடாம ஒரே தடவையா சேத்துப் போட்டா அந்தக் கட்டணம் ஒரு தடவையோட போகும்.

என் லேஅவுட்ல இன்னும் சிக்னல் கேபினுக்குள்ள லீவர் வைக்கலை, டெலிகிராஃப் கம்பத்துக்குக் கம்பி கட்டறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலை. கட்டினா அழகு, ட்ராக் துடைக்கறப்போ கை பட்டு அறுந்தே தீரும். இப்போதைக்கு வெறும் கம்பம்தான் நிக்குது.